மச்சானுக்கு மிஞ்சிய ஒரு சொல்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பேச்சு இருந்த காலத்தில் அவர் வாயை அடைக்க யாராலும் முடிந்ததில்லை. என்னாலும் முடிந்ததில்லை, இத்தனைக்கும் நான் முடிவெட்டுகிறவன். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுக் கையில் கத்தியோடு பின்னால் நின்றால் எப்பேர்ப்பட்டவரும் கொஞ்சம் அடங்குவார். மச்சான் அடங்க மாட்டார். மீசைக்கு மேலே கத்தி போகும்போதுகூட உதட்டைக் கோணிக்கொண்டு பேசுவார். "மச்சான், ஒரு நிமிஷம் வாயை மூடுங்க, உதடு போயிடும்" என்று கத்துவேன். மூடுவார். கத்தியை எடுத்த மறுநொடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

நகராட்சியில் மரப் பிரிவில் அவருக்கு வேலை. தெருவோரத்தில் கன்று நடுவது, காற்றில் சாய்ந்ததற்கு முட்டுக் கொடுப்பது, பட்டுப்போன கிளையைக் கயிறு கட்டி இறக்குவது, மின்கம்பியில் உரசுவதைக் கழிப்பது, இதெல்லாம்தான். தலை நிறைய முடியோடு வேலைக்குச் சேர்ந்தவர், முன்வழுக்கையும் பின்வழுக்கையும் கை கோத்துக்கொண்ட பிறகும் அதே வேலையில் இருந்தார். அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, ஏணி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், ஆள் அவ்வளவு உயரம். ஆனால் ஏணிக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் ஏணி கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார், குள்ளமான மச்சான் மேலே ஏறுவார். போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் தெருக்களில் பாதிக்கு மேல் நிற்பது ஒரே மரம். ஒல்லியாக, வெள்ளைத் தோலும் அதில் கறுப்புக் கறுப்பாகக் கீறலுமாக, தாள் தாளாகப் பட்டை உரிந்துகொண்டு நிற்கும். நாங்கள் வெள்ளை மரம் என்போம். அப்படிச் சொன்னால் மச்சானுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"வெள்ளை மரமாம்! உன்னை 'ஏ மனுஷா'ன்னு கூப்பிட்டா சும்மா இருப்பியா மாப்ள? அதுக்குன்னு ஒரு பேர் இருக்கு. பூர்ஜம்."

"சரி மச்சான், பூர்ஜம். தலையைக் குனிங்க."

"அர்த்தம் தெரியுமா?"

"போன தடவையே சொன்னீங்க."

"வெளுத்து மினுங்குறதுன்னு அர்த்தம். எந்தக் காலத்துலயோ எவனோ ஒருத்தன் பொழுது சாஞ்ச காட்டுல வழி தெரியாம நின்னிருப்பான். எல்லா மரமும் கறுப்பா நிக்க, இது மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். 'அட, அங்க பார், மினுங்குது'ன்னு சொல்லியிருப்பான். அதான் பேரு. எத்தனையோ தேசத்துல, எத்தனையோ பாஷையில, இன்னிக்கும் அதே வேர்ல வந்த சொல்லைத்தான் வெச்சிருக்காங்க. பாத்தவன் மண்ணாப் போயிட்டான் மாப்ள. வார்த்தை நிக்குது பாரு."

எங்கே படித்தாரோ, யார் சொல்லிக் கேட்டாரோ. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு, துக்க வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. பேருந்துக்காக நிற்கிற முன்பின் தெரியாத ஆளைப் பிடித்துக்கொண்டு, "பூர்ஜம்னா என்ன அர்த்தம் தெரியுமா சார்?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதர் தனக்கு வர வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு வேறு எதிலோ ஏறித் தப்பித்துப் போவார். "என்னைப் பத்தி இந்த மனுஷன் ஒரு நாளாவது இப்படி வாய் நிறையப் பேசியிருப்பாரா?" என்று அக்கா கேட்பாள். மச்சான் இடுப்பில் கை வைத்து, "உனக்கு விளக்கம் எதுக்கு? ஊருக்கே தெரியுமே" என்பார். அவளுக்கு வந்த கோபம் அதோடு போய்விடும்.

எனக்கும் அவருக்கும் ஒரு கோடை முழுக்கப் பேச்சு வார்த்தை முறிந்துகிடந்தது இந்த மரத்தால்தான். என் கடைக்கு முன்னால் ஒன்று நிற்கிறது. அதன் கிளை ஒன்று தாழ வந்து கடைப் பெயர்ப் பலகையை முழுசாக மறைத்துவிட்டது. குளிர் முடிந்து துளிர் விடுகிற நேரம். சொந்த மச்சான் மரப் பிரிவில் இருக்கிறார், இதைவிட வேறென்ன வேண்டும் என்று போய்ச் சொன்னேன்.

"இப்ப முடியாது மாப்ள."

"ஏன், அரிவாளைத் தொலைச்சுட்டீங்களா?"

"துளிர்க்கிற நேரத்துல பூர்ஜத்தை வெட்டக் கூடாது. வேர்லேர்ந்து தண்ணி மேல ஏறிக்கிட்டிருக்கும். வெட்டுன இடத்துலேர்ந்து சொட்டுச் சொட்டா கொட்டும். நிக்கவே நிக்காது. எங்க பிரிவுல எவனும் தொட மாட்டான். கோடை முடியட்டும்."

"அதுவரைக்கும் என் கடை எங்க இருக்குன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க, போ."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உறவு என்று எதற்கு இருக்கிறீர்கள், மரத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நடுத்தெருவில் கத்திவிட்டு வந்தேன். அவர் தாடியும் மீசையுமாகத் திரிந்தாரே தவிர வேறு கடைக்கும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. கோடை முடிந்து காற்று திரும்பிய வாரத்தில் ஒரு காலை ஏணியோடு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கிளையை அளவாகக் கழித்துவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நானும் துணியைக் கட்டினேன்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பக்கவாதம் வந்தது. வேலைக்குக் கிளம்புகிறவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை மாட்டிவிட்டார், இன்னொன்று கையில் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நேரமாகலையா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்து பார்த்தால், ஆள் மெதுவாக வலது பக்கம் சரிகிறார். வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

மருத்துவமனையில் கண்ணைத் திறந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். அக்கா முகத்துக்கு நேரே குனிந்து, "என்னங்க, நான் யாரு? தெரியுதா?" என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்தார். உதடு தடுமாறியது. பிறகு தெளிவாகச் சொன்னார்.

"பூர்ஜம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "பாத்தியாக்கா, செத்துப் பொழைச்சும் மரம்தான்!" என்றேன். அக்காவும் அழுதுகொண்டே சிரித்தாள். பிழைத்துவிட்டார், பேச்சு வந்துவிட்டது, அது போதும் என்று இருந்தது எங்களுக்கு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம். "பூர்ஜம்." எங்கே வலிக்கிறது? "பூர்ஜம்." ஏணி வந்திருக்கிறார் பாருங்கள். "பூர்ஜம், பூர்ஜம்." பொழுது சாய்வதற்குள் எங்கள் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். டீச்சர் என்றே கூப்பிட்டோம். சின்ன வயசு, ஆனால் பொறுமைசாலி. மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரே சொல் மட்டும் மிஞ்சும் என்றாள். அது பெயராக இருக்கலாம், கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம், எது மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதைச் சொல்ல நினைத்தாலும் வாய்க்கு அதுதான் வரும்.

"அப்ப அவர் மரத்தைப் பத்திப் பேசலையா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. அந்த வார்த்தைக்கு இப்ப அர்த்தமே கிடையாது. சத்தம் மட்டும்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை சொல்லையும் எடுத்துக்கொண்டு, அவர் ஊர் ஊராக அர்த்தம் சொல்லித் திரிந்த அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதன் அர்த்தத்தையும் பிடுங்கிக்கொண்டால் என்ன நியாயம்?

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் அந்த டீச்சர் சொன்னதை நம்பவில்லை. அர்த்தம் இல்லாமல் ஒரு மனிதன் காலையிலிருந்து பேசிக்கொண்டிருப்பானா? அக்கா ராகத்தை வைத்துப் புரிந்துகொள்ள ஆரம்பித்தாள். சட்டென்று வெட்டினாற்போல் சொன்னால் வேண்டாம். கடைசியில் மேலே தூக்கினால் ஆமாம். இழுத்துச் சொன்னால் எரிச்சல். இரண்டு தடவை மெதுவாகச் சொன்னால் ஒண்ணுக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கில் பாதி நாள் சரியாக வரும். மீதி நாள், தூக்கிக்கொண்டுபோய்க் கழிப்பறையில் உட்காரவைத்தால் அங்கே உட்கார்ந்துகொண்டு, "பூர்ஜம்! பூர்ஜம்!" என்று இடது கையால் சுவரில் குத்துவார். அவர் கேட்டது ஜன்னலைச் சாத்தச் சொல்லியாக இருந்திருக்கும். அல்லது போர்வையாக இருந்திருக்கும். எதுவாக இருந்ததோ, கடைசிவரை தெரியாமலே அந்த நாள் போகும்.

நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம் செய்யப் போவேன். சோப்பு நுரையைப் பூசும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஏற்ற இறக்கம், நிறுத்தம், கண்சிமிட்டல், எல்லாம் பழைய மச்சான்தான். ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்த மாதிரி முடித்து, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார். நான் சிரிப்பேன். சில நாள் நான் சிரித்த இடம் தவறு. சோகமான விஷயம் ஏதோ சொல்லியிருப்பார் போல. அப்படியே முகம் சுருங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அரைக் கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருக்கும், நான் கத்தியை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பேன். "மன்னிச்சுக்குங்க மச்சான், திரும்பச் சொல்லுங்க" என்பேன். திரும்பச் சொல்வார். அப்போதும் அதே சொல்தான் வரும், நான் என்ன செய்ய?

ஏணி முதலில் அடிக்கடி வருவார். கட்டில் பக்கத்தில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவில் எந்த மரம் சாய்ந்தது என்று சொல்வார். மச்சான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பதில் சொல்வார். ஏணிக்கு அது புரியாது, ஆனால் புரிந்த மாதிரி நடிக்கவும் தெரியாது. "என்னண்ணே சொல்றீங்க? என்னண்ணே?" என்று கேட்டுக் கேட்டு ஒரு நாள் வெளியே வந்து மாடிப்படியில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். பிறகு வருவது குறைந்தது. குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே சில நாள் கடையில் யாருமில்லாவிட்டாலும் கிளம்ப மனசு வராது.

சர்க்கரை வியாதி அவருக்கு முன்பே உண்டு. பக்கவாதத்தில் விழுந்த வலது காலில் உணர்ச்சி சரியாக இல்லை. கட்டைவிரலில் எப்போதோ ஒரு கீறல் பட்டிருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் எங்களிடம் எப்படிச் சொல்வார்? அந்த வாரம் முழுக்க அவர் இழுத்து இழுத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எரிச்சல் என்று நினைத்து அக்கா தலையணையை மாற்றினாள், பாட்டுப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால் விரல் கறுத்துப்போயிருக்கிறது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர்கள் என்னென்னவோ செய்தும் கறுப்பு விரலை விட்டுப் பாதத்துக்கு ஏறியது.

பெரிய டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும்மா. விட்டா விஷம் ரத்தத்துல கலந்துடும், அப்புறம் அதிக நாள் இல்லை. எடுக்கிறதுலயும் ஆபத்து இருக்கு, இதயம் பலவீனமா இருக்கு. எடுத்தா பிழைக்க வாய்ப்பு அதிகம்."

அக்கா, "அவர்கிட்ட கேக்கணும்" என்றாள்.

"உங்க கையெழுத்தே போதும்மா."

"உங்களுக்குப் போதும் டாக்டர். எனக்குப் போதாது. மரமேறுன கால் அது. அதை வெச்சுக்கிட்டுச் சாகணுமா, குடுத்துட்டு இருக்கணுமான்னு அவர்தான் சொல்லணும். அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. வாய்தான் இல்லை."

டாக்டர் மறுநாள் காலை வரை நேரம் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றார்.

நேராகவே கேட்டோம். "காலை எடுத்துடலாமாங்க?" என்று அக்கா கேட்டாள். "பூர்ஜம்" என்று தலையாட்டினார். அவள் மூச்சு விடுவதற்குள் நான் மாற்றிக் கேட்டேன். "எடுக்க வேண்டாமா மச்சான்?" அதற்கும் தலையாட்டினார். டீச்சரைக் கூட்டி வந்தோம். அவள் இரண்டு அட்டை கொண்டுவந்தாள். ஒன்றில் பச்சையில் சரி என்கிற குறி, மற்றதில் சிவப்பில் பெருக்கல் குறி. "வேணும்னா பச்சையைத் தொடுங்க சார், வேண்டாம்னா சிவப்பைத் தொடுங்க." மச்சான் இரண்டு அட்டையையும் எடுத்தார், ஓரம் தட்டி ஒன்றாகச் சேர்த்தார், யாரோ தவறவிட்டதை எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவளிடமே மரியாதையாக நீட்டினார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். இப்படிப்பட்டவர்களுக்கு ஆமாம் இல்லை என்பதே இடம் மாறிப் போகும், தலையாட்டுவதையும் நம்ப முடியாது என்று வெளியே வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, துணி சுற்றின அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு பூர்ஜ மரம் இருக்குன்னு வெச்சுக்குங்க. நல்ல மரம். நீங்க நட்டது. அதுல ஒரு கிளை, ஒண்ணே ஒண்ணு, அழுகிப்போச்சு. அழுகல் அடிமரத்தை நோக்கி வருது. என்ன பண்ணுவீங்க? கிளையை வெட்டி மரத்தைக் காப்பாத்துவீங்களா? இல்லை, கிளை இருக்கட்டும்னு விட்டுடுவீங்களா?"

இத்தனை மாதமாக நான் பார்க்காத முகம் அப்போது வந்தது. கண் கூர்மையானது. ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அவருக்கு இருக்குமே, அந்தக் கவனம். தலையணையில் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். மருத்துவமனைத் தோட்டத்தில் பூர்ஜ மரங்கள் வரிசையாக நின்றன, நுனியெல்லாம் துளிர். அதை அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, விரலை நீட்டி, "பூர்ஜம்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "பூர்ஜம், பூர்ஜம்... பூர்ஜம்." கடைசியை அழுத்திச் சொன்னார். ஒரு முழு யோசனையைச் சொல்லி முடித்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அக்கா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அழுகையும் சந்தோஷமுமாக இருந்தாள். "சொல்லிட்டாருடா! கேட்டேல்ல? வெட்டுன்னு சொல்லிட்டாரு. எவ்வளவு தெளிவா சொன்னாரு!"

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே."

"என்ன?"

"இது துளிர்க்கிற நேரம். இந்த நேரத்துல அவர் பூர்ஜத்தைத் தொட மாட்டாரே. என் கடைக் கிளைக்காக ஒரு கோடை முழுக்க எங்கிட்ட பேசாம இருந்தாரே, மறந்துட்டியா? நீ மரத்தை வெச்சுக் கேட்டுட்டே. அவரும் ஜன்னல் வழியா மரத்தைப் பாத்துட்டு மரத்துக்குத்தான் பதில் சொல்லியிருக்காரோ என்னவோ. 'இப்ப வெட்டாதே'ன்னு சொல்லியிருந்தா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "உனக்கு என்னடா ஆச்சு? புருஷன் உசிரு ஊசலாடுது, நீ மரம் வெட்டுற மாசத்தைப் பாக்குறியா?"

"நீதானேக்கா மரத்தைக் கொண்டுவந்தே?"

"அழுகுன கிளையை எந்த மாசத்துலயும் வெட்டுவாங்க!"

"வெட்டுவாங்களான்னு உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அங்கேயே ஏணிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லாமல், பூர்ஜத்தில் கிளை அழுகினால் துளிர்க்கிற நேரத்தில் வெட்டுவீர்களா என்று மட்டும் கேட்டேன். ஏணி, "நான்னா வெட்டிருவேன் தம்பி. அண்ணன் வேற மாதிரி. மரத்தைப் பாத்துட்டுத்தான் சொல்வாரு. சில மரத்துக்கு வெட்டுன்னுவாரு, சிலதுக்குப் பொறுன்னுவாரு. எதுக்கு, யாராவது கேட்டாங்களா?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

இரண்டு பேரும் திரும்ப உள்ளே போனோம். அக்கா காலைத் தொட்டுக் காட்டினாள். "மரம் இல்லைங்க. கால். உங்க கால். இதை எடுக்கணுமாம். எடுக்கட்டுமா?" சற்றுமுன் இருந்த முகம் அதற்குள் போய்விட்டிருந்தது. களைத்துப்போயிருந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று பாவப்பட்டவர் போல என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பூர்ஜம்" என்றார், எந்த ராகமும் இல்லாமல்.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். கையில் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளா, சொல்லக் கூடாது என்று எதிர்பார்த்தாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்வேன்? எடு என்று சொல்ல நான் யார், வேண்டாம் சாகட்டும் என்று சொல்ல நான் யார்? அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது மச்சான் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார். அக்கா கையை ஆட்டினாள்.

பிழைத்துவிட்டார். இதயம் தாங்கியது, காய்ச்சல் இறங்கியது, டாக்டரே அவ்வளவு நன்றாக ஆறும் என்று எதிர்பார்க்கவில்லை. போர்வையின் வலது பக்கம் பாதிக்கு மேல் தட்டையாகக் கிடக்கும். அவர் அதைப் பார்ப்பார், பிறகு கூரையைப் பார்ப்பார். பேச்சு மட்டும் அடியோடு நின்றுபோனது. இருந்த ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பூர்ஜம் சொல்லுங்க. ஒரு தடவை சொல்லுங்க. பூர்ஜம்னா என்ன அர்த்தம், சொல்லுங்க, நான் இன்னிக்குப் பொறுமையா கேக்குறேன்" என்று கெஞ்சுவாள். அவர் வாய் அசையாது. எத்தனை நாள் அந்தச் சொல்லைக் கேட்டு நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். அது இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரம் போயிருக்கும். நான் கடையில் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா.

"டேய், வந்துடுச்சுடா! வேற வார்த்தை! தேத்தண்ணி குடுக்கப் போனேன், தெளிவா சொன்னாருடா!"

"என்ன சொன்னாரு?"

"வேணாம்னாருடா!"

ஒற்றைக் கிருதாவோடு அந்த ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினேன். அக்கா வீட்டில் டீச்சரும் இருந்தாள், அக்கா அவளையும் வரச் சொல்லியிருந்தாள். மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வேணாம்!" என்று இடது கையை நீட்டினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வேறொரு சொல்! அக்கா தேத்தண்ணியை நீட்டினாள். "வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி முழுவதும் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் காட்டி, "வேணாம்" என்றார். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

டீச்சர் அவரிடம் பத்து விஷயம் கேட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். ஜன்னலைக் காட்டி, வெளியே நிற்கிற வெள்ளை மரத்துக்குப் பேர் என்ன என்றும் கேட்டாள். "வேணாம்" என்றார், சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு. பழைய சொல் போய் இது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றாள் டீச்சர். சில பேருக்கு இப்படி மாறும்.

"அப்ப இதுக்கும் அர்த்தம் கிடையாதா?" என்று அக்கா கேட்டாள்.

"கிடையாதும்மா. சும்மா வர்றதுதான்."

இப்போது அவர் நாள் முழுக்கப் பேசுகிறார். சவரத்துக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டே வேணாம் என்கிறார். ஏணி வந்தால் வேணாம், வேணாம் என்று கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். அதையெல்லாம் கேட்டுப் பழகிவிட்டோம். வெட்டின இடத்துக்குத் துணி மாற்றுகிற நேரம்தான் தாங்க முடியவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் குனிந்து கட்டைப் பிரிப்பாள். மச்சான் தலையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்ப்பார். இடது கையை அவள் தலைமேல் வைத்து, கோபமே இல்லாமல், மெதுவாக, "வேணாம்" என்பார். அவள் கை அப்படியே நிற்கும்.

"சும்மாதானேடா சொல்றாரு?" என்று தலையை நிமிர்த்தாமல் என்னைக் கேட்பாள்.

"சும்மாதான்க்கா."

அவள் மறுபடியும் கட்டைப் பிரிக்கத் தொடங்குவாள். மறுநாளும் கேட்பாள்.